வீட்டில் வரைந்த ரயில் தடங்கள்

லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடமே ஹாரி பெக் ஓய்வு நேரத்தில் வரைந்ததுதான். 1931இல் அவர் அதை ரயில் நிர்வாகத்திடம் நீட்டியபோது வேண்டாம் என்றார்கள். 1933இல் அச்சிட்டதும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தடங்கள் எல்லாம் கிடைக்கோடு, செங்குத்து, 45 பாகைச் சாய்வு. நிஜத் தூரத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

இன்றைய ரயில் பித்தர்கள் அதைத்தான் கலைத்துக் கலைத்து வரைந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரான மேக்ஸ் ராபர்ட்ஸ் 2013இல் தடங்களை வட்டங்களாகவே வளைத்துவிட்டார். பார்க்க அழகு, அதை வைத்து வழி தேடுவேனா என்றால், மாட்டேன்.

இப்படிப்பட்ட வரைபடங்களில் நான் முதலில் பார்ப்பது நிலையங்களின் பெயர்களை. ‘டாட்டன்ஹம் கோர்ட் ரோடு’ போன்ற நீளப் பெயர் கோட்டின்மேல் ஏறக்கூடாது. அதற்காகத் தடத்தைச் சற்று நகர்த்தினால் பக்கத்துச் சந்திப்பு கோணிக்கொள்ளும். அதைச் சரிசெய்தால் இன்னொன்று. வரைபவரின் கைத்திறன் அந்த மல்லுக்கட்டில்தான் தெரியும்.