பானைக்கு ஏறும் சூட்டுக்கு என்ன விலை? காதர்பேட்டையில் ஒரு பெல்லட் அடுப்பு

திருப்பூரில் மரமும் மரத்தூளும் எரியாத நாளே கிடையாது. சாயப்பட்டறை பாய்லர்கள் இரவு பகலாக அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு ஊர் மாறியது. அந்த முறையின் கடைசிக் கட்டத்தில் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். அதற்கும் நீராவிதான். ஆகவே சீமைக்கருவேல விறகும், மரத்தூளையும் நிலக்கடலை ஓட்டையும் அழுத்திச் செய்த பிரிக்கெட் கட்டைகளும் லாரி லாரியாக ஊருக்குள் வருகின்றன. இவ்வளவு பெரிய எரிபொருள் சந்தையின் நடுவே, காதர்பேட்டை பனியன் கடைகளுக்குப் பின்சந்தில் குடியிருக்கும் ஒருவர் சோறாக்க ஒரு மூட்டை பெல்லட், அதாவது அதே கழிவை அழுத்திச் செய்த சிறு குச்சிகள், கேட்டால் என்ன விலை? அந்த விலை கட்டுப்படியாகுமா? இதற்கு விடை காணத்தான் மின்விசிறி வைத்த பெல்லட் அடுப்பு ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தேன்.

முதலில் அடுப்பு. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு எஃகு உருளை. பக்கத்தில் சின்ன விசிறி, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மின்சாரத்துக்கு பேட்டரி. விசிறியின் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அடியில் புகுந்து பெல்லட்டை வேகவைத்து வாயுவாக்குகிறது. மறுபங்கு மேல்விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் வழியே வந்து அந்த வாயுவை எரிக்கிறது. பெல்லட்டை அந்தத் துளைகளுக்குக் கீழேவரை மட்டும் நிரப்பி, மேலே கொஞ்சம் சுள்ளி போட்டு, உச்சியில்தான் பற்றவைக்க வேண்டும். அடியில் பற்றவைத்தால் புகை அறையை நிறைத்துவிடும்.

பற்றி நிதானத்துக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது. அதன் பிறகு வரும் தழல் அருமை. துளை ஒவ்வொன்றிலிருந்தும் தீ உள்நோக்கிப் பாய்கிறது, கண் எரிவதில்லை, பாத்திரத்தின் அடியில் கரி ஏறுவதும் குறைவு. அரை கிலோவுக்குச் சற்று மேல் போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட நிற்கிறது. நாலு பேருக்குச் சோறும் குழம்பும் ஆகிவிடும். தோசைக்கு இது சரிப்படாது. விசிறியை எவ்வளவு குறைத்தாலும் கேஸ் அடுப்பின் சிம் இதில் வராது. நடுவில் அணைக்கவும் வழியில்லை. தீர்ந்துவிட்டதே என்று மேலே ஒரு கை அள்ளிப் போட்டால் புகைகிறது. உலை வைக்கும்போதே என்னென்ன சமைக்கப்போகிறோம் என்று தீர்மானித்துவிட வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பனியன் கம்பெனி இருக்கும் தெருவில் பஞ்சுத் தூசி பறக்கும். அது விசிறியின் வாயில் படிந்தால் காற்று குறைந்து தழல் மஞ்சளாகிப் புகை தொடங்கும். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

இனி விலை. கிலோ என்ன விலை என்று கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. பானைக்குள் போய்ச் சேரும் சூட்டுக்கு என்ன விலை என்றுதான் பார்க்க வேண்டும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. கிலோவுக்கு ஏறக்குறைய 10,900 கிலோகலோரி. நல்ல அடுப்பில் அதில் நூற்றுக்கு 65 பங்கு பாத்திரத்துக்குப் போகிறது. பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கிலோகலோரி. ஒரு சிலிண்டர் என்றால் ஒரு லட்சம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசு.

நல்ல பெல்லட்டில் கிலோவுக்கு 4,000 கிலோகலோரி அளவில் இருக்கும். விசிறி அடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் 35 சதவீதம். அப்படியானால் ஒரு கிலோவில் 1,400 கிலோகலோரி பானைக்குப் போகும். ஒரு லட்சத்துக்கு 71 கிலோ வேண்டும். கிலோ 12 ரூபாய்க்கு வாங்கினால் சிலிண்டருக்கும் இதற்கும் ஒரே செலவு. 8 ரூபாய்க்குக் கிடைத்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மிச்சம்.

பிரிக்கெட் கட்டையை உடைத்து விசிறியில்லாத மேம்பட்ட அடுப்பில் எரித்தால் 25 சதவீதம்தான் தேறும். அதற்கு 100 கிலோ வேண்டும், விலை எட்டரை ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்று கல் அடுப்பில் விறகு என்றால் கிலோ நாலரை ரூபாய்க்கு மேல் கொடுப்பதே நஷ்டம், காய்ந்த விறகாக இருந்தாலும்கூட. யூனிட் 5 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு லட்சத்தை 700 ரூபாய்க்குள் முடித்துவிடுகிறது. சொந்த மீட்டர் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கலாம். லைன் வீடுகளில் வீட்டுக்காரர் வைக்கும் யூனிட் விலை வேறு.

சிக்கல் என்னவென்றால், 8 ரூபாய் பெல்லட் வீட்டில் சமைப்பவர் கைக்கு வருவதில்லை. டன் கணக்கில் எடுக்கும் பாய்லர்காரருக்கு ஒற்றை இலக்கத்தில் கிடைப்பது, ஒரு மூட்டை என்றதும் இரட்டை இலக்கத்துக்கு ஏறிவிடுகிறது. இணையத்தில் விற்கும் ஐந்து கிலோ பொட்டலங்களோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆட்டோ வாடகையையும் சேர்க்க வேண்டும்: இரண்டு 40 கிலோ மூட்டைக்கு 150 ரூபாய் என்றால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடிவிட்டது. ஒரு குடும்பம் தனியாக வாங்கினால் தோற்கும். ஒரு காம்பவுண்டில் பத்து வீடு சேர்ந்து அரை டன் இறக்கினால் கதை மாறும்.

இதெல்லாம் புதிதாக நடப்பதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தாவின் குழு வடிவமைத்த விசிறி அடுப்பை, பிபி எண்ணெய் நிறுவனம் 2006 வாக்கில் ‘ஊர்ஜா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் எனப் பரவிச் சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. 2009-இல் புனேயின் பர்ஸ்ட் எனர்ஜி அதை ஏற்றுக்கொண்டது. அடுப்பில் குறையில்லை. வேளாண் கழிவின் விலை ஏற ஏற பெல்லட்டின் விலையும் ஏறியது. மானிய சிலிண்டரோடு போட்டியிட முடியாமல் வீடுகள் கைவிட்டன. நிறுவனம் உணவகச் சமையலறைகளின் பக்கம் திரும்பியது. இன்று அனல்மின் நிலையங்களும் நிலக்கரியோடு ஐந்து, ஏழு சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருப்பதால் அதே கழிவுக்கு இன்னும் பெரிய கை நீள்கிறது.

உணவகங்களுக்கு ஏன் கட்டுப்படியாகிறது? வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வணிக சிலிண்டருக்கு 18. பத்தொன்பது கிலோ வணிக சிலிண்டரை 1,800 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம் கிலோகலோரி 1,340 ரூபாய் ஆகிறது. பெல்லட் கிலோ 18 ரூபாய் ஆனாலும் அங்கே லாபம்தான். காதர்பேட்டையைச் சுற்றியுள்ள மெஸ்களும் டீக்கடைகளும் இதை உடனே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையல் மெஷினில் உட்காருபவர்கள் பலரும் முகவரிச் சான்று இல்லாமல் ஐந்து கிலோ சிலிண்டரை நம்பியிருக்கிறார்கள். அதன் கிலோ விலை வீட்டு சிலிண்டரைவிட எப்போதும் அதிகம். நூறு ரூபாயைத் தொட்டாலே லட்சத்துக்கு 1,400 ரூபாய். பணக் கணக்கில் பெல்லட் அடுப்பால் அதிகம் மிச்சம் காணக்கூடியவர்கள் இவர்கள்தான். ஆனால் ஆறு பேர் படுக்கும் அந்த அறைக்குச் சன்னல் இருக்காது. தழல் அடங்கிக் கங்காகும் நேரத்தில் இந்த அடுப்பு புகையே காட்டாமல் கார்பன் மோனாக்சைடை விடும். கதவைச் சாத்தி அதன் பக்கத்தில் படுத்தால் எழுந்திருக்க முடியாது. அடுக்கிய துணிக்குப் பக்கத்தில் தீப்பொறியும் கூடாது. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் வரிசையாகக் கடைகள் எரிந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. திறந்த வாசலோ மொட்டைமாடியோ இல்லாத அறைக்கு இந்த அடுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு மிச்சமானாலும் சரி. அந்த வாடகை அறைகளுக்குப் பொதுச் சமையல் கூடம் கட்டித் தருவது கட்டட உரிமையாளர்களின் கடமை. அங்கே இந்த அடுப்பு நன்றாக உழைக்கும்.

வாங்குவதானால் பாய்லர்காரர் பார்ப்பதைப் பாருங்கள்: ஈரமும் சாம்பலும். ஒரு பெல்லட்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும்; மிதந்தால் அழுத்தம் போதாது. மேல்பக்கம் வழவழப்பாக, ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். மூட்டையின் அடியில் தூள் தேங்கியிருந்தால் அந்தத் தூளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஒரு கிலோ எரித்துச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். சுத்த மரத்தூள் என்றால் 20 கிராமுக்குள் நிற்கும், கடலை ஓடு கலந்திருந்தால் அதைவிடக் கூடும், உமி சேர்த்திருந்தால் 100 கிராமையும் தாண்டிக் கட்டிதட்டி விசிறித் துளையை அடைக்கும். ஐரோப்பாவில் வீட்டு அடுப்புக்கான முதல் தர பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. தர முத்திரை மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். நம் மூட்டைகளில் அச்சே இல்லை. மழைக்காலத்தில் வாங்கினால் ஒரு கிலோவை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு மேல் குறைந்தால் அந்தக் கடை வேண்டாம். சாயம் ஏறிய வெட்டுத்துணியை மட்டும் இதில் போடாதீர்கள், அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும்.

என் தீர்ப்பு: மெஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கு என்றால், வாசலில் வந்து இறங்கும் விலை கிலோ 10 ரூபாய்க்குள் ஆறு மாதத்துக்காவது நிற்கும் என்று விற்பவர் எழுதிக் கொடுக்கட்டும். அதன் பிறகு அடுப்புக்குப் பணம் கட்டுங்கள்.