கற்பனைச் சாவும் மெய்யான துக்கமும்

கதாபாத்திரம் ஒன்று திடீரென்று மாண்டு போகும்போது, அது பிறந்ததுமில்லை, இறந்ததுமில்லை என்பதை நன்கறிந்தவர்களும் கண்ணீர் வடிப்பதேன் என்னும் விசாரம், கலை விமரிசகர்களோடு நின்றுவிடாமல், சென்ற அரை நூற்றாண்டில் தத்துவ ஆசிரியர்களையும் மனோதத்துவ அறிஞர்களையும் ஒருங்கே ஈர்த்திருக்கிறது. 1975-இல் காலின் ராட்ஃபோர்ட் என்னும் தத்துவ ஆசிரியர், டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவுக்காக நாம் இரங்குவது இயல்பேயாயினும் அறிவுக்குப் பொருந்தாதது என்று வாதித்தார். மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்கரான கெண்டல் வால்டன், கதையால் எழும் உணர்ச்சி குழந்தைகளின் பாவனை விளையாட்டில் எழுவதை ஒத்தது என்றார். இருவரும் நுட்பமாகச் சிந்தித்தவர்களே. ஆயினும், அழுகிறவனுடைய துக்கம் எங்கே பிறக்கிறது என்பதை அவர்கள் போதிய அளவு ஆராயவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய இலக்கணம் அதை ஆராய்ந்திருக்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்றும் தோன்றுமென்று தொல்காப்பியர் வகுத்தார். தாய் தந்தை முதலான சுற்றத்தாரையும், இன்பம் பயக்கும் நுகர்ச்சிகளையும் இழப்பதே இழவு என்று பேராசிரியர் உரை கண்டார். கதாபாத்திரம் நமக்குச் சுற்றமாவது எங்ஙனம் என்ற வினாவுக்கு, 1956-இல் டொனால்ட் ஹோர்ட்டனும் ரிச்சர்ட் வோலும் எழுதிய கட்டுரையில் விடை கிடைக்கிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓயாமல் தோன்றுகிறவர்களோடு நேயர்களுக்கு ஒருதலையான பழக்கம் வளர்ந்து, நேரில் உண்டான சிநேகத்தின் சாயலை அது பெறுகிறது என்றனர் அவர்கள். பின்வந்தோர் அக்கருத்தைக் கற்பனைப் பாத்திரங்களுக்கும் விரித்தனர்.

இதற்கு உதாரணமாக, கொரிய யுத்தகாலத்து ராணுவ மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் காட்டலாம். 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், தலைமை மருத்துவர் ஹென்றி பிளேக் ராணுவப் பணியிலிருந்து விடுதலை பெற்று, எல்லோரிடமும் விடைபெற்று, விமானமேறுகிறார். அடுத்து, ரண சிகிச்சை அறைக்குள் முகமூடியும் அணியாமல் நுழையும் இளம் குமாஸ்தா ராடார், அவ்விமானம் ஜப்பான் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டதையும் ஒருவரும் பிழைக்காததையும் வாசிக்கிறான். மருத்துவர்கள் மேலே கண் கலங்கக் கீழே கை நிற்காமல் வேலை செய்கிறார்கள். கருவியொன்று விழுந்து ஒலிக்கிறது. அக்காட்சியின் இறுதிப் பக்கம் நடிகர்களில் பெரும்பாலோருக்குப் படமெடுக்கும் வேளைவரை தரப்படவில்லை. நேயர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. மூன்று பருவங்களாக வாரந்தோறும் வீட்டுக்குள் வந்துபோன மனிதரை ஒரு வாக்கியத்தில் பறிகொடுத்தவர்களின் கோபம் அது. யுத்தம் சொல்லிக்கொண்டு உயிர் பறிப்பதில்லை என்பதை உணர்த்தவே இம்முடிவு அமைந்ததாதலின், அக்கோபமும் அத்தொடரின் வெற்றியே ஆகும்.

பழக்கத்தின் ஆழமே துக்கத்தின் அளவு என்பதை ஆராய்ச்சியும் காட்டுகிறது. 2004-இல் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் முடிவுற்றதை ஒட்டி மாணவர்களிடம் விசாரித்த கெரன் ஏயாலும் ஜோனதன் கோஹனும், பாத்திரத்தோடு கொண்ட நெருக்கம் மிக மிக வருத்தமும் மிகுவதையும், ஆயினும் அது மெய்யான பிரிவுத்துயரினும் மெல்லியது என்பதையும் 2006-இல் வெளியிட்டனர். திடீர்ச் சாவைப் பரிவோடு சொல்லவும் வழியுண்டு. 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் குழந்தைகள் தொடரில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-இல் காலமானபோது, அத்தொடரை ஆக்கியோர் வேறு நடிகரை அமர்த்தாமல், மனோதத்துவ வல்லுநர்களைக் கலந்து, ஹூப்பர் இனித் திரும்பி வரமாட்டார் என்பதைக் குழந்தைகளுக்கு ஒளிக்காமல் 1983 நவம்பரில் கூறினர்.

ஆகவே, தொடர் பார்த்து அழுகிறவர்களைப் பேதையரென்று எள்ளுவது தகாது. முன்பின் அறியாதவர் பொருட்டு உருகவல்ல நெஞ்சமே அயலார் துன்பத்துக்கும் உருகும். கதை எழுதுவோருக்கோ ஒரு வேண்டுகோள் உண்டு: வெறும் அதிர்ச்சிக்காக ஒரு பாத்திரத்தைக் கொல்லாதீர்கள்; ஆனால், ஒரு சாவு கதையின் சத்தியத்திலிருந்து பிறக்குமாயின், நேயர்கள் கோபித்தாலும் அஞ்சாதீர்கள்.