ஒரு துளி பெயின்ட்

மழைக்காலம் முடிந்த ஞாயிறு காலைகளில், செம்பூர் குடியிருப்புகளின் கார் நிறுத்தங்களில் உப்புத்தாள் உரசும் ஓசை கேட்கும். மும்பையின் உப்புக்காற்று, பெயின்ட் பெயர்ந்த சிறு புள்ளியைக்கூட விடுவதில்லை. அரிசியளவு துரு மெல்ல அடியில் பரவிவிடும். சொரசொரவென்று தொடங்கும் அந்த ஓசை, துரு கழன்று தகரம் பளிச்சிடும்போது மென்மையாகிறது. காதுக்கு முன்பே விரல்நுனிக்கு அது தெரிந்துவிடும்.

பிறகு ப்ரைமர், அது காயும்வரை பொறுமை. நிறத்தைத் தூரிகையால் இழுக்கக் கூடாது. தீக்குச்சி முனையில் தொட்டு, குழிக்குள் ஒரு துளியாக இறக்க வேண்டும். துளி தானாகப் பரவி விளிம்பைத் தொடும் நொடி எனக்கு மிகப் பிடித்தது. காய்ந்ததும் அமுங்கும், மறுபடி ஒரு துளி. கடைசியாக கிளியர் கோட், அது நன்கு இறுகியபின் தண்ணீரில் நனைத்த 2000 நம்பர் தாள். உற்றுப் பார்த்தால் தழும்பு தெரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த மழைக்குத் துரு அங்கே ஏறாது.