பாலேயின் ஐந்து பாதநிலைகள்: ஏட்டின் குறை

பாலே நடனம் பயிலத் தொடங்குவோர் முதன்முதற் கற்பன ஐந்து பாதநிலைகளாம். பதினான்காம் லூயி மன்னனின் நடன ஆசான் போஷான் அவற்றை வகுத்தார் என 1725இல் ராமோ என்பார் எழுதினார். 1700இல் வெளிவந்த ஃபெயேயின் 'கொரேகிராஃபி' அவற்றை வரிவடிவிற் பதிந்தது. அந்நூலின் அருமையை மறுப்பார் இலர். ஆயினும் அதன் குறையொன்று இன்றுங் கற்போரைத் துன்புறுத்துகின்றது.

ஃபெயே மேலிருந்து நோக்கியவராய் நிலத்திற் பதியும் பாதங்களையே வரைந்தார். இடுப்பு அவர்தம் ஏட்டில் இடம்பெறவில்லை. அக்காலத்தில் அது பெருங்குறையன்று. பாதங்களுக்கிடையே அமைந்த கோணம் ஏறத்தாழ 90 பாகையே. 1820இல் பிளாசிஸ் நூலெழுதிய காலத்திலோ, முதல்நிலையிற் குதிகள் இணைய, இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் அமைதல் இலக்கணமாயிற்று. ஐந்தாம் நிலையில் ஒரு பாதத்தின் குதி மற்றதன் விரல்நுனியைத் தொடல் வேண்டும். படத்தைப் பார்த்துப் பயில்வோர் பாதத்தை மட்டுந் திருகுவர். தொடையென்பு இடுப்பு மூட்டிலே சுழலாதிருக்கப் பாதம் மட்டுஞ் சுழலின், அம்முறுக்கு முழங்காலையே தாக்கும். (அகம்நோக்கிய ஐந்து 'பொய்' நிலைகளையும் ஃபெயே வரைந்திருந்தார் என்பதை இன்று நினைப்பார் சிலரே.)

பாதப் படங்களையே முதலில் வைக்குந் தொடக்கநூல்களை நான் விரும்புவதில்லை. நல்லாசிரியர் மாணவரைக் கைப்பிடிச் சட்டத்தருகே முதல்நிலையில் நிறுத்தி, முழங்காலை மடக்கச் செய்வார். அது கால்விரல்களுக்கு நேரே செல்கின்றதா என நோக்குவார். செல்லாவிடின் பாதத்தின் விரிவைக் குறைக்கச் சொல்வார்.