இரண்டேகால் கிரவுண்டுக்குக் கீழே வெயில் அடிக்காதா?

வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பேரு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. பீ.இ.இ. (ஏசி, பிரிட்ஜ்ல ஸ்டார் ஒட்டுறாங்களே, அவங்கதான்) 2018 டிசம்பரில் வெளியிட்டது. பொறுமையா உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். இது ஏசி வாங்குறதைப் பற்றிப் பேசலை, சுவரைப் பற்றிப் பேசுது. சுவர், ஜன்னல் வழியா உள்ளே வர்ற வெப்பம் சராசரியா சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல போகக் கூடாது. குளிர்ப் பிரதேசம் தவிர எல்லா இடத்துக்கும் இதே கணக்கு. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கணும். சரியான இடத்துல கை வச்சிருக்காங்க. ஏசியைப் பத்து வருஷத்துல மாத்திடலாம், ஆனா மேற்குப் பார்த்த சுவரை அப்படி மாத்த முடியுமா? உள்ளே வர்ற ஒவ்வொரு வாட்டையும் ஏசி வெளியே தள்ளணும், அதுக்கான கரண்ட்ல பெரும்பங்கு நம்ம நாட்டுல இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருது.

ஆனா இது யாருக்கு? மனை 500 சதுர மீட்டராவது இருந்தால்தான் செல்லும். சென்னைக் கணக்குல ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். அரை கிரவுண்டுல மாடி மேல மாடி எடுத்து, மேல்போர்ஷனை வாடகைக்கு விடுற வீடு கணக்கிலேயே வராது.

அந்த மேல்போர்ஷன்தான் ஊர்லயே சூடான இடம். இருபது மாடிக் கட்டடத்துல ஒரே ஒரு மாடிதான் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும். இரண்டு மாடி வீட்டுல பாதி வீடே அங்கேதான். 15 வாட் கணக்குல கூரை சேராது. கூரைக்குத் தனியா ஒரு வரம்பு: யூ-மதிப்பு 1.2. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3க்கு மேல போகும். அதாவது வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல வெப்பத்தைக் கடத்தும் தளத்தின் கீழே ஒருத்தர் குடியிருக்கார், விதி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. (யூ-மதிப்புக்கு நிறம் தெரியாது என்பது வேற விஷயம். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிச்சா வர்ற பலன் அதுல ஏறாது.)

தளத்துக்கு மேல வெப்பத்தடுப்பு போடுற செலவு வீட்டுக்காரருக்கு. போடலைன்னா வர்ற கரண்ட் பில் குடித்தனக்காரருக்கு. வீட்டுக்காரர் தானா ஏன் செய்யப் போறார்? விதி கட்டாயமா தேவைப்படுற இடம் இதுதான்.

2022 சட்டத் திருத்தமும் இதே வழியில்தான் போகுது: 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேலே உள்ள கட்டடம்னு ஆரம்பிக்குது. இரண்டிலுமே ஒரு கதவு திறந்திருக்கு, வரம்பை மாநிலங்கள் குறைச்சுக்கலாம். முழு விதித்தொகுப்பையும் சின்ன வீட்டு மேல சுமத்த வேண்டாம், மேஸ்திரிக்கு அந்தச் சுவர்க் கணக்கு போட வராது. பிளான் அப்ரூவலுக்கு வர்ற ஒரு கிரவுண்டு வீட்டுல, கூரைக்கு மட்டும் அந்த 1.2-ஐக் கேட்கலாம்.