இணையவழி வகுப்பில் உடனடிக் கருத்தறிதல்: ஒரு மதிப்பீடு

இணையவழியில் ஸ்லைடுகளைக் காட்டிப் பாடம் நடத்தும்போது, பார்ப்பவர்களின் விடைகளையும் ஐயங்களையும் அப்போதே திரட்டித் திரையில் காட்டும் முறை உடனடிக் கருத்தறிதல் ஆகும். சுவீடனின் மென்டிமீட்டர், சுலோவாக்கியாவின் ஸ்லைடோ, நார்வேயின் கஹூட் ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவிகள். திரையில் தோன்றும் எண்ணைக் கைபேசியில் இட்டோ, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ மாணவர் பங்கேற்கலாம்.

பின்னணி

கருவிகள் புதியவை என்றாலும் எண்ணம் பழையது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் சக மாணவர் வழிக் கற்றல் முறையைத் தொடங்கினார. பாடத்தின் நடுவே ஒரு வினா கேட்கப்படும். மாணவர் தனித்தனியே சிந்தித்து விடையளிப்பர். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், அருகில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் விடையளிப்பர். விடைகளைத் திரட்டக் கை உயர்த்துதல், அட்டைகள், கிளிக்கர் கருவி எனப் பல வழிகள் பயன்பட்டன. எந்த வழியானாலும் பயன் தந்தது நடுவில் நடந்த விவாதமே.

நிறைகள்

கேமரா அணைக்கப்பட்ட வகுப்பில் மாணவரின் முகக்குறிப்பை ஆசிரியர் காண முடியாது. "புரிந்ததா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மௌனமே பதிலாகும். பெயர் தெரியாமல் விடையளிக்கும் வசதி கூச்சமுள்ள மாணவரையும் பங்கேற்கச் செய்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால், பலர் சுழியம் என்பர். அந்தக் கணத்தில் சுழியமாவது திசைவேகம். புவியீர்ப்பு முடுக்கம் அப்படியே இருக்கிறது. இத்தகைய பிழைக் கருத்து எத்தனை பேரிடம் உள்ளது என்பது உடனே தெரிவது பெரிய உதவி.

குறைகள்

முதலாவது, விழுக்காடு தரும் மயக்கம். 40 பேர் உள்ள வகுப்பில் 12 பேர் விடையளித்து, அவர்களில் 9 பேர் சரி என்றால், திரை 75 விழுக்காடு என்று காட்டும். விடையளிக்காத 28 பேரின் நிலை அதில் இல்லை. அந்த எண்ணை நம்பி அடுத்த பாடத்துக்குச் சென்றால், பின்தங்கியவர் மேலும் பின்தங்குவர்.

இரண்டாவது, விடைகள் வர வர உயரும் பட்டைகளைக் காட்டினால், பின்னர் விடையளிப்பவர் உயரமான பட்டையைப் பின்பற்றக்கூடும். முடியும்வரை முடிவை மறைத்து வைப்பதே நல்லது.

மூன்றாவது, கஹூட் போன்ற போட்டி வடிவங்களில் விரைந்து விடையளிப்பவர் கூடுதல் புள்ளி பெறுவார். மெதுவான இணைப்புள்ள மாணவருக்கும் நிதானமாகச் சிந்திப்பவருக்கும் இது பாதகம்.

நான்காவது, சொல்மேகம் தமிழுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே வடிவில் பலமுறை வரும் சொல்லே அதில் பெரிதாகத் தெரியும். மரம், மரங்கள், மரத்தை என மூவர் எழுதினால் அவை மூன்று சொற்களாகச் சிதறும். ரோமன் எழுத்தில் தட்டச்சிட்டால் இன்னொன்று கூடும். எனவே விடையை எந்த வடிவில் எழுத வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீடு

கருத்தறிதல் கருவிகள் பயனுள்ளவையே. ஆனால் வாக்கெடுப்பு முடிந்ததும் அடுத்த ஸ்லைடுக்குத் தாவும் பழக்கம் அவற்றின் பயனைக் கெடுக்கிறது. ஒரு வகுப்புக்கு இரண்டு அல்லது மூன்று நல்ல வினாக்கள் போதும். வந்த விடைகளின் எண்ணிக்கையை வகுப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து விவாதிக்கவிட்டு, அதே வினாவை மீண்டும் கேட்க வேண்டும். விடை மாறியவர்கள் ஏன் மாற்றினர் என்று விளக்கும் இடத்தில்தான் கற்றல் வெளிப்படுகிறது. அதற்கு நேரம் ஒதுக்காத வகுப்பில் இக்கருவி வருகைப் பதிவேட்டைவிட அதிகம் எதையும் சொல்லாது.