மடித்தால் வருவதா, போவதா?

லத்தீனில் 'ப்லிகாரே' என்றால் மடித்தல். அதிலிருந்து வந்த ஸ்பானியச் சொல் 'யெகார்': வந்து சேர்தல். ருமேனியச் சொல் 'ப்லெகா': கிளம்பிப் போதல். ஒரே தாய்க்கு நேரெதிரான இரண்டு பிள்ளைகள்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். மாலுமிகள் துறைக்கு வந்ததும் பாயை மடிப்பார்கள். அதனால் மேற்கே அது வருகை. படைவீரர்கள் கிளம்பும்போது கூடாரத்தை மடிப்பார்கள். அதனால் கிழக்கே அது புறப்பாடு. நானும் இதை நண்பர்களிடம் பல தடவை சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். இப்போ கொஞ்சம் கூச்சமா இருக்கு.

ஒலியில் சிக்கல் இல்லை. சொல் முதலில் வரும் 'ப்ல' ஸ்பானியத்தில் 'ய' ஆகும், போர்த்துக்கீசியத்தில் 'ஷ' ஆகும், ருமேனியத்தில் அப்படியே நிற்கும். நிறைந்த என்னும் 'ப்லேனுஸ்' அங்கே யேனோ, ஷெயு, ப்லின் ஆனதைப் பாருங்கள். போர்த்துக்கீசியர் வந்து சேர்வதை 'ஷெகார்' என்பதும் இப்படித்தான்.

பொருளில்தான் கதை தள்ளாடுது. பாயைச் சுருட்டுவதற்கு லத்தீன்காரர்கள் வழக்கமாகச் சொன்னது லெகெரே அல்லது கோந்த்ராஹெரே. பாசறையைக் கலைத்துக் கிளம்புவது 'காஸ்த்ரா மொவேரே'. இரண்டிலும் ப்லிகாரே கிடையாது!

ஆனால் 'அப்ப்லிகாரே' என்று ஒரு சொல் இருந்தது. ஒன்றோடு ஒன்றை ஒட்டவைப்பது. அப்படியே கப்பலைக் கரையோடு அணைப்பது. வந்து சேர்தலுக்கு இது போதுமே, பாய் எதற்கு? நான்காம் நூற்றாண்டின் கடைசியில் புனிதத் தலங்களைச் சுற்றிவந்த எகெரியா என்ற பெண்மணி, சினாய்ப் பக்கம் கடலை நெருங்கியதைச் சொல்ல ப்லிகாரேயைத்தான் பயன்படுத்துகிறார். அந்த அம்மா அப்போது போனது தரை வழியாக. மடிக்க அவரிடம் பாயே இல்லை.

கூடாரக் கதை நமக்குச் சட்டென்று பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு. நாமும் கிளம்புகிறவனை 'மூட்டை கட்டுறான்' என்கிறோம் இல்லையா? ஆனால் ருமேனியத்தில் தலை குனிவதற்கும் இன்றுவரை அதே ப்லெகாதான். குனிதல், வளைதல், பிறகு இருந்த இடத்தைவிட்டுத் திரும்புதல் என்று பொருள் நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம். கூடாரம் அளவுக்குச் சுவாரசியம் இல்லைதான்.